பழுதில்லாத பெட்டியைப் பழுது பார்த்தவன்

கதிர்,

இதை நீ தனியாகப் படிக்கப் போவதில்லை. ஓசூரில் உன்னோடு வேலை பார்க்கிற யாராவது போனில் காட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மாமா சலூனில் உட்கார்ந்து படிப்பார். நித்யாவும் படிப்பாள், கல்யாணத்துக்கு முன்பே. தெரிந்துதான் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ, "விடுங்கப்பா, அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா" என்று முடித்திருப்பாய். நானும் விட்டிருப்பேன். எனக்கு அது மிகவும் வசதி. ஆனால் அன்று நான் அதை உன் காதோடு சொல்லவில்லை. ஒரு தெரு முழுக்க நின்றுகொண்டிருக்க, உரக்கச் சொன்னேன். திரும்ப எடுப்பதும் அந்தத் தெருவுக்குக் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு செய்தி. நான் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். உன் கிட்டார்தான். பீரோவின் மேல், உன் அம்மாவின் பழைய தலையணை உறைக்குள் கிடந்த கறுப்பு கிட்டார். கம்பிகள் துருவேறியிருந்தன. மாற்றினேன். வார விடுப்பு நாட்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாடி அறையில். இடது கை விரல் நுனிகளில் தோல் உரிந்து, பிறகு தடித்துவிட்டது. முப்பது வருடம் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை. ஒரு கம்பியை அழுத்தினால் விரல் பக்கத்துக் கம்பியின் மீதும் படுத்துக்கொள்கிறது. எதிர்வீட்டு வெள்ளை நாய், நான் தொடங்கியதும் மூக்கை வானத்துக்குத் தூக்கி ஊளையிடுகிறது. அதன் எஜமானர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் நின்று கேட்டார்: "என்ன எலக்ட்ரீசியன், வீட்டுல எந்த மோட்டார்ல பேரிங் போச்சு? நாயி சாப்பிட மாட்டேங்குது."

கிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கிரைண்டர்" என்றேன். இந்த வயதிலும் பொய் எனக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்.

உன் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான் அதைக் கீழே இறக்கினேன். நித்யா வீட்டுக் கூடத்தில் சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்த நேரம். நித்யா தண்ணீர்ச் சொம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இவங்க காலேஜ்ல படிக்கும்போது கிட்டார் வாசிப்பாங்களாமே? அருள் அண்ணன் சொன்னாங்க. ரிசப்ஷன்ல ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்க மாமா. என்கிட்ட மாட்டேங்கிறாங்க." நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அதெல்லாம் இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது." கையிலிருந்த வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாய். உன் மாமா விடுவாரா? "இவன் வாசிச்ச லட்சணத்தத்தான் எங்க தெருவே பாத்துச்சே! கொசு வலையில கம்பி கட்டி இழுத்த மாதிரி. பொண்ணே, ரிசப்ஷனுக்கு நாதஸ்வரம் போதும், கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்." கூடம் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் அந்தச் சின்னப் பேருந்துப் பயணத்தில் வாய் கசந்துகொண்டே வந்தது. "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று நீ நித்யாவிடம் சொன்ன முறையைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். பொய் சொல்கிறவனின் குரல் இல்லை அது. எங்கோ படித்த ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னாய். அந்தத் தகவலை உலகத்துக்குக் கொடுத்தவன் நான்.

எங்கள் நூல் மில்லில் எலக்ட்ரீசியன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்ன வயதில் உன்னை அழைத்துப் போயிருக்கிறேன், நீ பார்த்திருப்பாய். எந்த மெஷினின் பேனலைத் திறந்தாலும், உள்ளே கை வைத்தாலும், அந்த மெஷினை ஓட்டுகிறவரிடம் சொல்லாமல் நகரக் கூடாது. ஒரு திருகை முறுக்கியிருந்தாலும் சரி. நூல் சுற்றும் மெஷினை ஓட்டும் பெண்ணிடம் போய் நின்று, "கை வச்சிருக்கேன், பாத்து ஓட்டு" என்று சொல்ல வேண்டும். அவள் தலையை ஆட்ட வேண்டும். பிறகுதான் சுவிட்ச். யாரும் எழுதி ஒட்டியதில்லை. சொல்லாமல் போனவனால் ஒருத்திக்கு விரல் போயிருக்கிறது, நான் சேர்வதற்கு முன்பு. புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது வயரிங் இல்லை, இந்த வாசகம்தான். என் வாழ்க்கையில் நான் பிசகாமல் காப்பாற்றிய ஒரே ஒழுக்கம் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லுக்குள் மட்டும்.

வீட்டுக்குள் எந்த மூடியை வேண்டுமானாலும் கழற்றுவேன். உன் அம்மாவின் தையல் மெஷினை நினைத்துப்பார். நூல் இழுவை தளர்ந்திருக்கிறது என்று ஒருநாள் இறுக்கி வைத்தேன். அவள் மறுநாள் உட்கார்ந்து இரண்டு ரவிக்கைத் துணிகளைச் சுருக்கி வீணாக்கிவிட்டு, "என் கைக்கு அந்தத் தளர்ச்சிதாங்க வரும். எதுக்குத் தொட்டீக?" என்றாள். நான் அவளுக்குச் சரியான இழுவை எது என்று விளக்கினேன். விளக்கினேன்! அவள் மெஷினை மூடி, அதன் மேல் பூச்செடி வைத்தாள். அதற்குப் பின்னும் எனக்குப் புரியவில்லை. வீட்டில் இடம் குறைவு, செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைத்தேன்.

இனி உன் பெட்டி.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் வைத்து, காலால் மிதிப்பாயே, உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. மதுரையில் யாரிடமோ பழசாக வாங்கி வந்தாய். அதை மிதித்தால் கிட்டாரின் சத்தம் கிழியும். எனக்கு அப்படித்தான் கேட்டது. சத்தத்தை வைத்து நோய் சொல்கிறவன் நான். பேரிங் தேய்ந்தால் ஒரு சத்தம், மோட்டார்ச் சுருள் கருகுமுன் ஒரு சத்தம். கரகரப்பு என்றாலே எனக்குப் பழுதுதான். மாடியில் நீ வாசிக்கும்போது கீழே சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் படியேறி வந்து, "ஏலே, ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு, கழட்டிக் குடு பாப்போம்" என்றேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: "இல்லப்பா, அது அப்படித்தான் இருக்கணும்." எனக்கு அது காதில் விழுந்தது. கேட்கவில்லை. நொண்டுகிறவன் தன் நடையே அதுதான் என்று சொல்வது போல எடுத்துக்கொண்டேன். பாவம், நல்ல சாமான் எப்படி இருக்கும் என்று பையனுக்குத் தெரியவில்லை என்று.

உன் மாமா தெருவில் பொங்கல் விழா. இளைஞர் மன்றத்துக்காரர்கள் உங்களை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நீ, உன் கூட்டாளி அருள், ட்ரம்ஸ் வாசிக்கிற சோழபுரத்துப் பையன். அதற்கு முந்தைய நாள் நீ கல்லூரிக்குப் போன பிறகு உன் கிட்டார்ப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, சாப்பாட்டுப் பையில் வைத்து மில்லுக்குக் கொண்டுபோனேன். மின்சாரப் பகுதியில் அலையைத் திரையில் காட்டும் கருவி இருக்கிறது, ஸ்கோப். ஒரு பக்கம் உருண்டையான, அழகான அலையை உள்ளே அனுப்பினேன். மறுபக்கம் வந்ததைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. அலையின் தலை தட்டையாக வெட்டப்பட்டிருந்தது. மேலேயும் கீழேயும். மொட்டை.

மில்லில் அப்படி ஒரு அலை வந்தால் நாங்கள் தூங்க மாட்டோம். வயர் சூடாகும். கெப்பாசிட்டர் வெடிக்கும். ஒரு அலைக்குள் பல குட்டி அலைகள் புகுந்துவிட்டன என்று அதற்குப் பொருள். அவற்றை ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூடியைத் திறந்தேன். சத்தம் போகும் பாதையிலிருந்து எர்த்துக்கு, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் இரண்டு டையோடுகள், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக. அரிசி அளவு. அவைதான் அலையின் தலையை வெட்டுகின்றன. முன்பு வைத்திருந்த எவனோ தெரியாமல் போட்ட வேலை என்று முடிவு செய்தேன். கூட வேலை பார்க்கிற பால்பாண்டி எட்டிப் பார்த்தான். "அண்ணே, பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"என்னத்தக் கேக்க? அவனுக்கு இது என்னன்னு தெரியுமா?"

"இல்ல, ஓட்டுறவன் அவன்லாண்ணே."

ஓட்டுகிறவன் அவன். பால்பாண்டி என் வாசகத்தை என்னிடமே சொன்னான். நான் கட்டரை எடுத்து இரண்டு டையோடுகளின் கால்களையும் நறுக்கினேன். திரையில் அலை உருண்டையாக எழுந்து, உருண்டையாக இறங்கியது. அவ்வளவு அழகு. நறுக்கியவற்றைப் பஞ்சுக் கழிவோடு கூட்டித் தள்ளினேன். நீ வருவதற்குள் பெட்டி உன் பைக்குள் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. மேடையில் நீயே கண்டுபிடிப்பாய், கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்ப்பாய் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையைத்தான் இப்போது எழுதக் கூசுகிறது.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவை அடைத்துப் பலகை போட்ட மேடை. சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்து நீங்கள் ஏறினீர்கள். ட்ரம்ஸ் நாலு தட்டு தட்டியது. நீ பெட்டியை மிதித்து, கையை ஓங்கி இறக்கினாய். வந்தது ஒரு கம்பிச் சத்தம். மெலிசாக, சுத்தமாக, தனியாக. ட்ரம்ஸ் பக்கத்தில் அது காணாமல் போனது. நீ பெட்டியைப் பார்த்தாய். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி மிதித்தாய். மறுபடி வாசித்தாய். ட்ரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்க, மண்டியிட்டு அதன் குமிழைத் திருகினாய். சத்தம் கூடியது. அதே சத்தம். முன்வரிசைப் பையன்கள் ஆரம்பித்தார்கள். "அண்ணே, சார்ஜ் போட்டுட்டு வாங்கண்ணே!" "ஏலே, வீணக் கச்சேரிடே, எல்லாரும் உக்காருங்க!"

நீ மண்டியிட்ட அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமாக இல்லை. முழுதாகத் தெரிந்தது. உன் மாமா என் தோளில் தட்டினார்: "என்ன மாப்ள, ஒங்க வீட்டு மிஷின் இப்பிடி மக்கர் பண்ணுது? நீரு மில்லுல பெரிய எலக்ட்ரீசியன்லா?" சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டு மோட்டாரை நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் உரக்கச் சொன்னேன். உனக்குக் கேட்கும்படி சொன்னேன் என்பதுதான் உண்மை.

"மிஷின்ல ஒரு குறையும் இல்ல மச்சான். நேத்து நானே செக் பண்ணேன். வாசிக்கிறவனுக்குக் கை வரல."

நீ நிமிர்ந்து பார்த்தாய். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பாட்டை நீ பாதியில் நிறுத்தவில்லை. கடைசிவரை அந்த மெலிந்த சத்தத்தோடு வாசித்து, கும்பிட்டு இறங்கினாய். பேருந்தில் கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா பொரிந்தாள்: "ஊரு சிரிக்கத்தான் இம்புட்டு நாளு மாடியில கெடந்தியா? பொறந்த ஊர்ல நான் எப்பிடிலே தலைகாட்ட?" நீ, "வயர் லூசும்மா" என்றாய். அவ்வளவுதான். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கிட்டார் பீரோவின் மேல் ஏறியது. நீ படிப்பை முடித்து ஓசூருக்குப் போனாய். வீட்டில் அது பற்றி ஒரு பேச்சு இல்லை. எனக்கு அது மறதி போலவே இருந்தது. நாலைந்து வருடத்தில் நான் சொன்னதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். கை வராத பையன், பாவம், நல்லவேளை விட்டுவிட்டான்.

நிச்சயதார்த்தம் முடிந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு அருள் கடைக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். கம்பி மாற்றித் தரச் சொன்னேன்.

"கதிர் வாரானா மாமா?"

"இல்ல. எனக்கு."

கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டான். "ஒங்களுக்கா?"

"அவன் அன்னைக்கு வாசிச்சது. அத எனக்குச் சொல்லிக்குடு."

ஏன் கேட்டேன்? உனக்கு உண்மையிலேயே கை வரவில்லை என்று எங்காவது நிரூபணம் கிடைக்குமா என்று பார்த்தேன் போலிருக்கிறது. அது அவ்வளவு கடினம் என்றால், நீ தவறியிருக்கலாம். என் பங்கு கொஞ்சம் குறையும். கடையின் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். பவர் கார்ட் என்று ஒரு பிடியைச் சொன்னான். தடித்த கம்பியில் ஆள்காட்டி விரல். அடுத்த கம்பியில், இரண்டு கட்டம் தள்ளி, மோதிர விரல். மற்ற கம்பிகள் பேசக் கூடாது. ஆள்காட்டி விரலின் உடம்பை அவற்றின் மேல் லேசாகப் படுக்க வைத்து ஊமையாக்க வேண்டும். அப்படியே கையைக் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் முழுப் பாட்டும் அதிலேயே ஓடும். "அழுத்துங்க மாமா. இது காலிங்பெல் இல்ல, தொட்டுட்டு எடுக்க." பல வாரம் போனது. கம்பி உறுமுவதற்குப் பதில் தும்மியது. "பரவால்ல மாமா. கதிரும் மொத ஒரு மாசம் இப்பிடித்தான் தும்முனான்" என்றான்.

ஒருநாள் கேட்டேன், இது என்ன இரண்டே சுரம், மீதி எங்கே என்று. ச, ப. சுருதிப் பெட்டியில் கேட்கிற அதே இரண்டு. நடுவில் காந்தாரம் இல்லை. காந்தாரம் இருந்தால்தானே அது சந்தோஷமா துக்கமா என்று தெரியும்.

"அது வேணும்னே விட்டது மாமா. இப்பக் கேளுங்க" என்று தன் பெட்டியை எடுத்து வைத்தான். உன்னுடையது போலவே ஒன்று. காலால் மிதித்துவிட்டு முதலில் எல்லாச் சுரமும் உள்ள முழுக் கார்டை வாசித்தான். சேறு. எது என்ன என்று பிரிக்க முடியவில்லை. பிறகு காந்தாரத்தை விட்டு, அந்த இரண்டை மட்டும். கதிர், சுவர் எழும்பி நின்றது. அறையின் தகரக் கதவு அதிர்ந்தது. கரகரப்புத்தான், ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. வெட்டப்பட்ட அலையிலிருந்து பிறக்கிற குட்டி அலைகள், நான் வாழ்நாள் முழுக்க ஒழித்துக்கொண்டிருந்த அதே குட்டி அலைகள், அந்த இரண்டு சுரத்துக்கு மேல் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. மூன்றாவது சுரம் வந்தால் மோதிக்கொள்ளும். அதனால்தான் அதை விடுகிறார்கள். மீதியைப் பெட்டி கொடுக்கும் என்று நம்பித்தான் விரல் இரண்டோடு நிற்கிறது.

"இப்பப் பெட்டி இல்லாம" என்றான் அருள். மிதித்து அணைத்துவிட்டு அதே இரண்டு சுரத்தை, அதே இடத்தில் வாசித்தான்.

மெலிசாக. சுத்தமாக. தனியாக.

அந்தத் தெருவில் கேட்ட சத்தம். அதே சத்தம். பிசகே இல்லாமல் வாசித்தாலும் அப்படித்தான் வரும். பிசகே இல்லாமல் வாசித்ததால்தான் அப்படி வந்தது. விட வேண்டிய சுரத்தை நீ ஒழுங்காக விட்டிருந்தாய். நிரப்ப வேண்டியதை நான் வெட்டியிருந்தேன். நான் தேடிப் போன நிரூபணம் கிடைத்தது, எதிர்ப்பக்கமாக.

அருளிடம் சொன்னேன். அந்தப் பெட்டியில் கை வைத்தது நான் என்று. அவன் ஆச்சரியப்படவில்லை. கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தெரியும் மாமா."

"எப்பிடி?"

"மேடைக்குப் பின்னாலயே திறந்து பாத்தான். ரெண்டு எடத்துல வெட்டுன கால் பளபளன்னு இருந்துச்சு. பாத்துட்டு, 'எங்கப்பா கை'ன்னான். எனக்குக் கோவம்னா கோவம் மாமா, தப்பா நெனைக்காதீய. வாங்க, எல்லாரு முன்னாடியும் கேப்போம்னேன். அவன் விடல. 'நீங்க ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. அந்தத் தெருவுல அவருக்கு ஒரு பேரு இருக்கு'ன்னான்."

"பொறவு ஏன் திரும்ப மாட்டல? ரெண்டு டையோடுதான?"

"நானும் கேட்டேன். 'மாட்டி வீட்டுல வாசிச்சா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்லா'ன்னான். பெட்டிய என்கிட்டயே குடுத்துட்டான்." கடைசி இழுப்பறையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தான்.

ஆக, பேருந்தில் உனக்குத் தெரியும். வயர் லூசும்மா என்று சொன்னபோது தெரியும். உன் அம்மா திட்டத் திட்ட, நான் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, பக்கத்து இருக்கையில் என் பெயரை நீ காப்பாற்றிக்கொண்டு வந்தாய். அதற்கு நீ கொடுத்தது உன் கையை. நித்யாவிடம், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நீ சொன்னது அதன் மிச்சம். நான் சிரித்தேன்.

கல்யாணத்துக்குப் போகிற மகனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நித்யா ஏதாவது ஒன்றைக் காட்டி, இது அப்படித்தான் இருக்கணும் என்று சொல்வாள். உன் காதுக்கு அது கரகரப்பாக இருக்கும். ஸ்கோப்பை எடுக்காதே. உட்கார்ந்து கேள், அதற்குள் என்ன பொருந்தி நிற்கிறது என்று. கேட்கவில்லை என்றால் அவளிடம் கேள். இன்னொன்றும் சொல்லலாம், ஆனால் அது உனக்கு வேண்டியதில்லை, எனக்கு வேண்டியது. யாருடைய பெயரைக் காப்பாற்றுவதற்காகவும் உனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதே. என் பெயரை முதலில் விட்டுவிடு.

போன விடுப்பு நாளில் மாடியில் பெட்டியைத் திறந்தேன். இரண்டு டையோடுகள் வாங்கி வந்திருந்தேன். வைத்து மிதித்தேன். கரகரத்தது. ஆனால் வேறு வகை போட்டால் வேறு கரகரப்பு. ஒன்று ரம்பம் போல. ஒன்று கம்பளி போல. உன் பெட்டியில் இருந்தது எது? அதைப் பஞ்சுக் கழிவோடு தள்ளியவன் நான். அருளுக்கும் நினைவில்லை. மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்த அந்த ஒரே பிடியை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கை சரியாக விழுந்தது. தும்மல் இல்லை. ஊமைக் கம்பிகள் ஊமையாகவே இருந்தன. எதிர்வீட்டு நாய் எழுந்து ஊளையிட்டது. கீழே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்று, உன் அம்மா படிக்கட்டு அடியிலிருந்து கத்தினாள்: "ஏங்க, கதிரு வந்துட்டானா? சொல்லவே இல்லயே!"

"இல்ல. நான்தான்" என்றேன்.

மேலே வந்தாள். என் கையில் கிட்டாரைப் பார்த்தாள். திறந்த பெட்டியைப் பார்த்தாள். அவளிடமும் சொன்னேன், மில், ஸ்கோப், கட்டர், மேடை, எல்லாம். அவள் கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டாள். பிறகு, "பஸ்ஸுல நானும்ல அவனத் திட்டுனேன்" என்றாள். "ஒங்கள நம்பில்லா திட்டுனேன்." இறங்கிப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "தெருவுல சொன்னீகல்ல? தெருவுல போயிச் சொல்லுங்க" என்றாள். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது ஒருவகையில் அவள்தான்.

ஆகவே, ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று நின்றவர்களுக்கும், மச்சானுக்கும், நித்யாவுக்கும்: பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவன் கை சரியாகத்தான் விழுந்தது. பெட்டியைக் கெடுத்தது நான். கெடுத்தது தெரிந்த பிறகு அவன் மேல் பழியைப் போட்டதும் நான்.

ரிசப்ஷனில் நீ வாசிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. வாசிக்காமல் இருந்தாலும் சரிதான். தெரியாது என்று மட்டும் சொல்லாதே. நீ வரும்போது பெட்டி மாடி அறை மேஜையில் இருக்கும். மூடவில்லை. டையோடுகளை ஈயத்தால் பற்ற வைக்கவில்லை, சும்மா செருகி வைத்திருக்கிறேன், பக்கத்தில் கிண்ணத்தில் மற்ற வகைகளும். எது உன் சத்தம் என்று நீதான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, நீ கேட்டால், பற்ற வைத்துத் தருகிறேன். கேட்காவிட்டால் தொடமாட்டேன்.

அன்றைக்கு நீ மேடை ஏறுவதற்கு முன் வந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

கை வச்சிருக்கேன். பாத்து ஓட்டு.

அப்பா